பத்து அங்குலச் சில்லு

ஒரு பழைய மினி காரைத் திருத்திப் பளபளப்பாக்கி நிறுத்தினால், பழைய கார்ப் பிரியர்களின் கண் முதலில் பெயின்ற்றுக்குப் போகாது, சில்லுக்குத்தான் போகும். 13 அங்குல அலோய் றிம் போட்டிருந்தால் ஒருவர் "இது இனி மினியே இல்லை" என்பார். 10 அங்குலத்திலேயே விட்டிருந்தால் இன்னொருவர் "பொம்மைக் கார் மாதிரிக் கிடக்கு" என்பார். முதலாமவருக்கு 'ஒறிஜினல்' ஒரு புனிதமான சொல். இரண்டாமவருக்கு அது பழசைப் பிடித்துத் தொங்குகிற பிடிவாதம். நாங்கள் ஒரு பக்கம் சேர முதல் வேறொரு கேள்வியைக் கேட்க விரும்புகிறோம். அந்த ஒறிஜினல் பத்து அங்குலம் எங்கயிருந்து வந்தது? அதை யார், எதுக்காக முடிவு செய்தது?

ஒரு காரின் சில்லு அளவு வடிவுக்காகத் தெரியப்பட்டது மிகக் குறைவு. வீதி எப்படி, எரிபொருள் கிடைக்குதா, ரயர் செய்கிறவன் என்ன செய்து தருவான், பிறேக்குக்கு இடம் இருக்கா என்ற கேள்விகளுக்கான பதில்தான் அந்த இலக்கம். கேள்வி மாறினால் பதிலும் மாறும். மினியின் வரலாறு இதைக் காட்டுகிற மாதிரி வேறெந்தக் காரின் வரலாறும் காட்டாது என்பது எங்கள் எண்ணம்.

கொஞ்சம் பின்னுக்குப் போவோம். ஆரம்ப காலக் கார்களின் சில்லுகள் வண்டிச் சில்லு மாதிரி உயரமானவை. ஃபோர்ட் மொடல் ரீயின் ரயருக்கு வெளிவிட்டம் 30 அங்குலம், அகலம் முன்னுக்கு 3 அங்குலம், பின்னுக்கு மூன்றரை. தார் காணாத, வண்டித் தடம் விழுந்த வீதியில் உயரமான சில்லுதான் குழிக்குள் விழாமல் ஏறிப்போகும். 1920களில் 'பலூன் ரயர்' வந்தது. அகலம் கூட, காற்றழுத்தம் குறைவு. அதிர்ச்சியைக் காற்றே வாங்கிக்கொள்ளத் தொடங்க, உயரமான சில்லுக்கான தேவை குறைந்தது. வீதிகளும் திருந்தின. ஃபோர்ட் நிறுவனத்தின் கார்களை மட்டும் பார்த்தாலே போதும்: 1928இல் 21 அங்குலம், 1930இல் 19, 1932இல் 18, 1933இல் 17, 1935இல் 16. ஏழே வருசத்தில ஐந்து அங்குலம் இறங்கிப்போச்சு.

இந்த இறக்கத்தில்தான் கார் மாற்றியமைக்கிற கலாசாரமும் பிறந்தது. கலிபோர்னியாவின் இளம் ஆக்கள், பெரும்பாலும் காசு இல்லாத ஆக்கள், பழைய ஃபோர்ட்டுகளை வாங்கி, மட்கார்ட்டைக் கழற்றி எறிந்து, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டினார்கள். பழைய 21, 19 அங்குலக் கம்பிச் சில்லுகளைக் கழற்றிவிட்டு, பிந்திய ஃபோர்ட்டுகளின் 16 அங்குல இரும்பு றிம்மைப் போட்டார்கள். பின்னுக்கு உயரமான ரயர், முன்னுக்குச் சின்ன ரயர். இதை இன்றைக்கு ஸ்ரைல் என்று பார்க்கிறோம். அன்றைக்கு அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. பின் ரயர் உயரமாக இருந்தால் அதே வேகத்துக்கு எஞ்சின் குறைவாகச் சுற்றினால் போதும். முன்பக்கம் பதிந்தால் காற்று எதிர்ப்பும் குறையும். றிம் வந்தது பழைய வாகனங்களை உடைக்கிற இடத்திலிருந்து. கிடைக்கிறதை வைத்துத்தான் தெரிவு.

இனி இங்கிலாந்து. அலெக் இசிகோனிஸ் இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரத்தில் பிறந்து, இளம் வயதில் அகதியாக வெளியேறியவர். அவர் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய மொறிஸ் எயிற்றுக்கு 17 அங்குலச் சில்லு, மைனருக்கு 14. சில்லைச் சின்னதாக்கி நாலு மூலைக்கும் தள்ளினால் நடுவில் ஆக்களுக்கு இடம் கிடைக்கும், கார் திரும்பும்போதும் உறுதியாக நிற்கும் என்பது அவர் வாதம். சில்லு எடுக்கிற இடமெல்லாம் மனிசருக்குக் கிடைக்காமல் போகிற இடம் என்றே அவர் பார்த்தார்.

அந்த எண்ணத்தின் உச்சத்துக்கு அவரைத் தள்ளியது ஒரு தட்டுப்பாடு. எங்களுக்கு 1956 என்றால் வேறொன்றுதான் உடனே நினைவு வரும். பிரித்தானியருக்கு அது சுயஸ். நாசர் கால்வாயைத் தேசியமயமாக்க, பிரித்தானியாவும் பிரான்சும் இஸ்ரேலும் எகிப்தின் மேல் படையெடுக்க, கால்வாய் அடைபட்டது. 1956 டிசம்பரில் பிரித்தானியாவில் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. ஜேர்மனியிலிருந்து வந்த முட்டை வடிவக் குட்டிக் கார்கள் விற்கத் தொடங்கின. அதைக் கண்டு எரிச்சல்பட்ட பிரிற்றிஷ் மோட்டார் கோப்பரேசனின் தலைவர் லெனார்ட் லோர்ட், குறைவாக எரிபொருள் குடிக்கிற, ஆனால் ஒழுங்கான ஒரு சின்னக் கார் வேண்டும் என்று இசிகோனிஸிடம் சொன்னார். 1959 ஓகஸ்ற்றில் மினி வெளிவந்தது.

மொத்த நீளம் பத்து அடி. அதுக்குள்ள நாலு பெரிய ஆக்கள், பயணப் பைகள். எஞ்சினைக் குறுக்காக வைத்து, கியர்பொக்ஸை அதற்குக் கீழே எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே போட்டு, முன் சில்லை ஓட வைத்தார். இவ்வளவும் செய்தும், பெரிய சில்லு என்றால் சில்லுக் கூடு உள்ளே வந்து கால் வைக்கிற இடத்தைத் தின்றுவிடும். ஆகவே பத்து அங்குலம். அப்படி ஒரு ரயர் வழமையான கார்களுக்கு இருக்கவில்லை. இசிகோனிஸ் டன்லொப்பிடம் போய் எட்டு அங்குலம் கேட்டார் என்றும், டன்லொப் மறுக்கப் பத்துக்கு உடன்பட்டார் என்றும் ஒரு கதை உண்டு. பத்து வேண்டுமென்று முதலே தீர்மானித்துவிட்டுத்தான் எட்டுக் கேட்டாராம். சந்தையில் மீன் வாங்கிய எவருக்கும் இந்த உத்தி விளங்கும். கடைசியில் வந்தது 5.20-10 என்ற ரயர்.

ஆகவே 'ஒறிஜினல்' என்று இன்றைக்கு நாங்கள் கும்பிடுகிற பத்து அங்குலம், ஒரு எரிபொருள் நெருக்கடிக்கும் ஒரு பேரம் பேசலுக்கும் பிறந்த பிள்ளை. அதற்கு விலையும் இருந்தது. மைனரின் சில்லு ஒரு கிலோமீற்றருக்குக் கிட்டத்தட்ட 530 தரம் சுற்றும். மினியின் சில்லு 640 தரம் சுற்றும். ரயர் அந்தளவுக்குக் கெதியாகச் சூடாகும், தேயும். சின்னச் சில்லு குழிக்குள் ஆழமாக விழும். இதைச் சமாளிக்கத்தான் அலெக்ஸ் மோல்ற்றன் என்ற பொறியியலாளர் இரும்புச் சுருளுக்குப் பதிலாக ரப்பர்க் கூம்புகளை வைத்துச் சஸ்பென்சன் செய்தார். அதே மோல்ற்றன்தான் பிறகு 1962இல் சின்னச் சில்லும் சஸ்பென்சனும் வைத்த சைக்கிளையும் கொண்டுவந்தவர்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் பிறேக். பத்து அங்குல றிம்முக்குள் அடங்குகிற பிறேக் எவ்வளவு பெரிசாக இருக்கும்? முதல் மினிக்கு 7 அங்குல டிரம் பிறேக். சாதாரண ஓட்டத்துக்கு அது காணும். ஆனால் இந்தக் கார் வளைவுகளில் ஒட்டிக்கொண்டு போகிற விதத்தைக் கண்ட பந்தயக் கார் செய்கிற ஜோன் கூப்பர் சும்மா இருக்கவில்லை. 1961இல் மினி கூப்பர் வந்தது, 7 அங்குல டிஸ்க் பிறேக்குடன். சொன்னால் டிஸ்க், ஆனால் அவ்வளவு சின்ன டிஸ்க்கில் பெரிதாக ஒன்றும் நிற்காது. 1963இல் வந்த கூப்பர் எஸ்ஸில் அதை ஏழரை அங்குலம் ஆக்கினார்கள். அந்த அரை அங்குலத்துக்காக எவ்வளவு மல்லுக்கட்டியிருப்பார்கள் என்பது ஒரு பத்து அங்குல றிம்மைக் கையில் எடுத்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தால்தான் விளங்கும்.

அந்தச் சில்லோடேயே மினி 1964, 1965, 1967 ஆகிய மூன்று வருசங்களும் மொன்ரி கார்லோ ரலியை வென்றது. முதல் வெற்றி பாடி ஹொப்கேர்க்கினுடையது. 1966இலும் முதலாவதாக வந்தது, முன் விளக்கு விதியைக் காட்டித் தகுதி நீக்கினார்கள். பனியும் வளைவும் நிறைந்த மலை வீதியில் பெரிய எஞ்சின் கார்களைச் சின்னச் சில்லு முந்தியதால்தான் பத்து அங்குலம் ஒரு சின்னமானது. பந்தய மினிகளில் போட்ட எட்டுக் கால் மினிலைற் மக்னீசியம் றிம்மைப் பார்த்து உலகமே கொப்பி அடித்தது. இன்றைக்கு எங்கட வீதிகளில் ஓடுகிற எத்தனையோ கார்களின் எட்டுக் கால் அலோய் றிம்முக்கு அதுதான் பூட்டன்.

இந்த இடத்தில் புனிதவாதிகளுக்கு ஒரு சங்கடமான விசயம் இருக்கு. மினியின் சில்லை முதலில் மாற்றிய பெரிய கை, அதைச் செய்த கம்பனியேதான். 1974இல் 1275 ஜீ.ரி என்ற மினிக்கு 12 அங்குலச் சில்லு வந்தது. காரணம் வடிவு இல்லை. உள்ளே 8.4 அங்குல டிஸ்க் வைக்க இடம் வேண்டும். 1984இல் எல்லா மினிக்கும் 12 அங்குலமும் டிஸ்க் பிறேக்கும் ஆகிவிட்டன. 1996இலிருந்து ஸ்போர்ட்ஸ் பக் கேட்டால் 13 அங்குலம், 175/50 ரயர். 2000 ஒக்ரோபரில் உற்பத்தி நின்றபோது மினிக்கு மூன்று 'ஒறிஜினல்' இருந்தன. இதில் எதை ஒறிஜினல் என்று சொல்லிச் சண்டை பிடிக்கிறது?

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். 165/60R12 என்று ரயரில் இருந்தால், 165 மில்லிமீற்றர் அகலம். பக்கச் சுவரின் உயரம் அதில் 60 வீதம், அதாவது 99. மேலும் கீழும் சேர்த்து 198. நடுவில் 12 அங்குல றிம், 305 மில்லிமீற்றர். மொத்த உயரம் 503. இதேபோல 175/50R13 என்றால் 505. பழைய பத்து அங்குலத்துக்கு 165/70R10 போட்டால் 485. றிம் மூன்று அங்குலம் வளர்ந்தும் முழுச் சில்லின் உயரம் இரண்டு சென்ரிமீற்றர்தான் மாறியிருக்கு. குறைந்தது ரப்பர். 115 மில்லிமீற்றராக இருந்த பக்கச் சுவர் 87 ஆகச் சுருங்கிவிட்டது.

சில்லுத் தெரிவின் முழு விசயமும் இதுக்குள்ளதான் இருக்கு. முழு உயரம் மாறக்கூடாது. மாறினால் ஸ்பீடோமீற்றர் பொய் சொல்லும், கியர் விகிதம் குழம்பும், வளைக்கும்போது ரயர் மட்கார்ட்டில் உரசும். மொறிஸ் மைனரில் 155R14 ரயரின் உயரம் கிட்டத்தட்ட 604 மில்லிமீற்றர். அந்த அளவு கிடைக்கவில்லை என்று 165/65R14 போட்டால் 570. இரண்டுமே 14 அங்குலம்தான், றிம்மும் அதேதான், ஆனால் ஐந்தரை வீதம் பதிந்துவிட்டது. முள்ளு 60 காட்டேக்க கார் உண்மையில 57 இற்குக் கிட்டத்தான் போகும். எஞ்சின் மட்டும் வீணாகக் கத்தும்.

ரப்பர் குறைந்தால் என்ன நடக்கும்? நல்ல வீதியில் கார் கூர்மையாகத் திரும்பும். 1970களில் பிரெல்லி பி7 போன்ற தட்டையான ரயர்கள் ரலிக் கார்களிலிருந்து வீதிக்கு வந்தது இதற்காகத்தான். அங்கயிருந்துதான் பெரிய றிம், மெல்லிய ரயர் என்ற மோகமும் பரவினது. ஆனால் ரப்பர்க் கூம்புச் சஸ்பென்சன் வைத்த ஒரு மினிக்கு ரயரின் பக்கச் சுவரும் சஸ்பென்சனின் ஒரு பகுதி. அதில் கால்வாசியை வெட்டி எறிந்துவிட்டு எங்கட ஊர் உள் ஒழுங்கையில் ஓட்டிப் பாருங்கோ, நாரிதான் கணக்குச் சொல்லும். அகலமான றிம் வெளியே தள்ளிக்கொண்டு நின்றால் இன்னொரு பிரச்சினை. றிம்மை அச்சோடு பொருத்துகிற முகம் எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே இருக்கிறது என்பதைக் கராஜில் ஓஃப்செற் என்பார்கள். சில்லு வெளியே போகப் போக, கடப்பாரையை நீட்டிப் பிடித்து நெம்புகிற மாதிரி பெயாரிங்கில் பாரம் கூடும். ஸ்ரியரிங்கும் கைக்கு இழுக்கும். வடிவாக நிற்கிற கன கார்கள் வடிவாக ஓடாமல் இருக்கிறது இதனாலதான்.

இப்ப எங்கட பக்கம். யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் என்ற பெயர்களைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. ஏ40கள் வாடகைக் கார்களாக ஆக்களை அடைந்துகொண்டு ஓடின. அவற்றின் 16 அங்குல மெல்லிய சில்லுக்குக் கல்லு வீதி பெரிய விசயமே இல்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் கைக்கெட்டாத பொருளாகியது. கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். வெள்ளைப் புகையும் அந்த மணமும் எங்கட அப்பா அம்மாவின் தலைமுறைக்கு மறக்காது. அந்தக் கார்கள் ஓடியது யாரும் பழமையைப் பாதுகாக்க நினைத்ததால் அல்ல. வேறு கார் வர வழியில்லை. கிடைத்த ரயர், கிடைத்த நட், கிடைத்த எண்ணெய்.

சுயஸ் தட்டுப்பாட்டில் ஒரு கார் பிறந்தது. இங்க ஒரு தடைக்குள்ள பழைய கார்கள் சாகாமல் இருந்தன. இரண்டையும் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. அங்க பெற்றோல் பங்கீடு சில மாதங்களில் முடிந்தது, இங்க தடை வருசக் கணக்கில் நீண்டது. அந்தக் காலத்துக் கராஜ்காரர் செய்த மாற்றங்களை 'ஒறிஜினல் இல்லை' என்று கழித்துவிடுகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. ஒரு காரில் அந்தக் காலத்து மாற்றம் ஏதும் மிஞ்சிக் கிடந்தால், அதைக் கழற்றி எறிய முதல் ஒரு படமாவது எடுத்து வைக்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022இல் பெற்றோல் வரிசையில் இரவு பகலாக நின்ற எங்கட தலைமுறைக்கு இந்தக் கேள்விகள் தூரத்து வரலாறும் இல்லை.

சரி, பழைய கார் ஒன்று கையில் இருக்கு, சில்லு மாற்ற ஆசை. எங்கயிருந்து தொடங்குவது? றிம்மிலிருந்து அல்ல, ரயரிலிருந்து. உங்களால் திரும்பத் திரும்ப வாங்கக்கூடிய அளவு எது என்று முதலில் பாருங்கோ. பிறகு பிறேக். எஞ்சினைக் கூட்டியிருந்தால் பெரிய டிஸ்க் வேண்டும், அதற்கு 12 அங்குலமாவது வேண்டும். எஞ்சின் பழைய 850 என்றால், பத்து அங்குலமும் ஒழுங்காகச் செற் பண்ணின பிறேக்கும் காணும். பிறகுதான் நட் ஓட்டைகளின் வட்டம், பி.சி.டி என்பது. மினிக்கு நாலு ஓட்டை, 101.6 மில்லிமீற்றர், அதாவது சரியாக நாலு அங்குலம். நூறு மில்லிமீற்றர் றிம்முகள் சந்தையில் கனக்க இருக்கு. ஒன்றரை மில்லிமீற்றர்தானே என்று இறுக்கி ஏற்றினால் நட் சரியாக உட்காராது. ஓடேக்க கழரும். இதில மட்டும் விளையாட்டு வேண்டாம்.

மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். அதன் வட்டம் 114.3. 1970களின் பல டட்சன், ரொயோட்டா கார்களின் வட்டமும் அதே. ஆனால் வட்டம் பொருந்துவதால் எல்லாம் பொருந்தாது. நடு ஓட்டை, ஓஃப்செற், நட் உட்கார்கிற சரிவு மூன்றையும் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். 1990களில் மைனருக்கான உடற்பாகங்களை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்ற விசயம் கன பேருக்குத் தெரியாது. பிரித்தானியாவின் கார் ஒன்றைத் திருத்தத் தகரம் இங்கயிருந்து போயிருக்கு. ஆகவே எங்கட கராஜ் ஒன்றில் ஒரு மைனருக்கு ஜப்பான் றிம் ஏறுவதைக் கண்டு யாரும் திடுக்கிட வேண்டியதில்லை.

எங்களைக் கேட்டால் மினிக்கு 12 அங்குலத்தைத்தான் சொல்லுவோம். நல்ல பிறேக் அடங்கும், ரப்பரும் மிச்சம் இருக்கும். 13 ஐப் படம் எடுக்க விட்டுவிடலாம். பத்தில் நிற்க விரும்புகிறவர்களோடு சண்டை இல்லை. யொக்கோகாமா போன்றவர்கள் இன்னும் 165/70R10 செய்கிறார்கள். ஆனால் அந்த அளவு கெதியாக விலைப்படுவதில்லை, கடைத் தட்டில் வருசக் கணக்கில் கிடக்கும். ரயர் ஓடாமலே கிழடாகும் பொருள். வாங்கேக்க பக்கச் சுவரில் சின்னதாய் ஒரு நாலு இலக்கம் இருக்கும், தேடிப் பாருங்கோ. 3219 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது கிழமை செய்தது. கடைக்காரர் "புதுசு தம்பி, கடதாசிகூடக் கிழிக்கேல்லை" என்று சொன்னாலும், முதலில் அந்த இலக்கத்தை வாசித்துவிட்டுப் பிறகு விலையைக் கதையுங்கோ.